ஆற்றைத் திட்டியவள்

"எல்லாரும் இந்த ஆத்தைத் தாயின்னு கும்பிடுதாங்க. என்னால முடியல சாமி."

ஆவுடையம்மாள் இதைச் சொன்னபோது மடத்துத் தலைவர் தாணு சாமி ஆற்றங்கரையில் துணி பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்து, உதறி, புதர்மேல் விரித்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவளுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல்.

"எதுக்குக் கும்பிடணும்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். படுகையில் கீரை போட்டு விற்றுப் பிழைப்பவள் அவள். ஒரே மகன் பேச்சிமுத்து. பத்தொன்பது வயதில் இந்த ஆற்றில் குளிக்கப் போனவன், மூன்றாம் நாள் நாணல் காட்டில் கிடைத்தான். இரண்டு வருஷமாகிறது. கீரைக்குப் பாய்கிற தண்ணீரும் இதுதான், உலை வைக்கிற தண்ணீரும் இதுதான். ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் நெஞ்சு காந்துகிறது. வெறுத்துக்கொண்டே எத்தனை நாள் குடிப்பது? இந்த மடத்தில் ஆற்றோடு மனசு சேர்வதற்கு வழி சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

சாமி கரையோரத்தில் இருந்த ஒரு பாறையைக் காட்டினார்.

"தினமும் காலையில வந்து அதுல உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"ஆத்தைப் பாருங்க. மனசுல என்ன இருக்கோ, அதை அதுகிட்டச் சொல்லுங்க."

"என் மனசுல நல்லதா ஒண்ணும் இல்லியே சாமி."

"இருக்கிறதைச் சொல்லுங்க."

மறுநாள் விடியலில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு வாய் திறந்தாள்.

கொலைகாரி என்றாள். பிள்ளைதின்னி என்றாள். உன் வயிறு வெடிக்க, நீ வத்திப்போக, உன்மேல மண்ணள்ளிப் போட என்றாள். வெயில் ஏறும்வரை திட்டிவிட்டு, எழுந்துபோய்க் கீரை பறித்தாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

மடத்தில் ஐந்து சீடர்கள் இருந்தார்கள். மூத்தவர் நெல்லையப்பன், பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருப்பவர். படித்துறையில் வரிசையாகக் கண்மூடி அமர்ந்து, 'தாயே, தாயே' என்று ஆற்றை நினைந்து உருகுவது அவர்கள் வழக்கம். உருகும் நேரம் பார்த்துத்தான் பக்கத்துப் பாறையிலிருந்து வசவு கிளம்பும்.

ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு நெல்லையப்பன் சாமியிடம் போனார். அந்த அம்மாளின் துக்கம் புரிகிறது, ஆனாலும் தாயை ஒருத்தி காது கூசத் திட்டும்போது எப்படித் தியானம் கூடும் என்று முறையிட்டார். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

சாமி கேட்டார்: "பன்னிரண்டு வருஷத்துல நீங்க ஒரு நாளாவது ஆத்தோட சண்டை போட்டிருக்கீங்களா?"

"சிவசிவா. இல்லை சாமி."

"அப்போ ஆறு இன்னும் உங்களுக்குப் பழக்கமாகலை."

நெல்லையப்பன் முகம் சுருங்கியது.

"அவங்க அங்கேயே இருக்கட்டும். சத்தம் பிடிக்கலைன்னா நீங்க தள்ளிப் போங்க."

அவர்கள் தள்ளிப் போனார்கள். பாறையிலிருந்து ஆறு ஓடும் பக்கமாகக் கூப்பிடு தூரத்தில், ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. கரைக்கும் அதற்கும் இடையே கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஐந்து பேரும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

ஆவுடையம்மாளின் காதுக்கு இந்த விவகாரமெல்லாம் வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. அவளுக்குப் பேச்செல்லாம் ஆற்றோடு மட்டும்தான். திட்டுகிறவள் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் திட்ட முடியாது. பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. எந்த இடத்தில் சுழி, அது எந்த நேரம் இறுகும், எப்போது தளரும், மலையில் மழை பெய்தால் எத்தனை நாழிகையில் நிறம் மாறும், மீன்கொத்தி எந்தக் கிளையில் உட்காரும், எல்லாம் தெரியும். பகையாளி வீட்டு வாசலை யாரும் அப்படித்தானே பார்ப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. வெயில் பளிச்சென்று அடித்தது. அவள் திட்டத் தொடங்கி நாலைந்து வார்த்தைதான் ஆகியிருக்கும், நிறுத்திவிட்டாள்.

தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்தது. அதில் சருகும் சுள்ளியும் சேர்ந்து சேர்ந்து மிதந்தன. நாற்றமும் வேறாக இருந்தது, உழுத மண் நாற்றம். பாறையடியில் இருந்த சுழியைக் காணோம்.

"தண்ணி வருது! எந்திரிங்க!"

மணல்திட்டில் ஒருவரும் அசையவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். வழக்கமான வசவு என்றே அவர்கள் நினைத்தார்கள். அவள் குரலை அமுக்குவதற்காகத் தாங்கள் 'தாயே, தாயே' என்ற சத்தத்தை உயர்த்தியதாக நெல்லையப்பன் பிறகு ஒத்துக்கொண்டார்.

அவள் பாறையிலிருந்து இறங்கி ஓடினாள். மகன் போன பிறகு அந்த ஆற்றில் கால் வைக்காதவள், குறுக்கே இறங்கினாள். தண்ணீர் முழங்கால் அளவு வந்துவிட்டது. திட்டில் ஏறி, முதலில் அகப்பட்ட நெல்லையப்பன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

கண் விழித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கைகோத்து இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. நெல்லையப்பன் கால் வழுக்கிப் போனார். ஆவுடையம்மாள் அவர் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது மணல்திட்டு இல்லை.

நெல்லையப்பன் எழுந்தார். ஆற்றைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, காப்பாத்திட்டியே."

மற்ற நால்வரும் விழுந்தார்கள்.

ஆவுடையம்மாள் அவர்களைப் பார்த்தபடி நின்றாள். சேலையிலிருந்து சேறு வழிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த சாமியிடம் போனாள்.

"அஞ்சு பேருக்காகக் கத்துறதுக்கு இன்னிக்கு நான் இருந்தேன் சாமி. என் பிள்ளை போன அன்னைக்கு ஒருத்தரும் இல்லை."

அவர் தலை குனிந்தார்.

"இந்தத் திட்டுத் திட்டினேனே. ஆத்துக்குக் கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"இவங்க கும்பிட்டது?"

"அதுவும் கேட்கலை."

விழுந்து கிடந்த நெல்லையப்பன் தலையைத் தூக்கினார்.

"அப்போ என் பிள்ளையை எடுத்தோம்னு அதுக்குத் தெரியுமா?"

சாமி ஆற்றோரம் குனிந்தார். அந்தக் கலங்கல் தண்ணீரை ஒரு கை அள்ளிவந்து, அவள் கையை விரித்து, அதில் விட்டார்.

அவள் பார்த்தாள். கொஞ்சம் மண். ஒரு சருகுத் துண்டு. விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதுல யாரும் இல்லியே சாமி," என்றாள்.

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"அப்போ நான் யாரைத் திட்டுவேன்?"

கை காலியாகிவிட்டது. ஆவுடையம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அவள் அழுததெல்லாம் ஆற்றின் மேலிருந்த ஆத்திரத்தில். அன்றைக்குத்தான் பேச்சிமுத்துவுக்காக அழுதாள்.