ஒருவரிடம் சொல்லவேண்டிய வரி

"இந்தப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துருங்க மேடம்" என்றாள் எஸ்தர். "எனக்கு எழுதத் தெரியும். அதிகாரம் பண்ணத் தெரியாது."

"அதிகாரம் பண்ணச் சொல்லி யார் கேட்டாங்க அக்கா?" என்றாள் தாமரைச்செல்வி. "எழுதினதைக் காட்டுங்க."

ராயப்பேட்டையில் இருந்தது அந்த விளம்பர நிறுவனம். தாமரைச்செல்வி அதைத் தொடங்கி நடத்தி வருபவள். எஸ்தர் பல வருடங்கள் பத்திரிகையில் இருந்துவிட்டு, அந்தப் பத்திரிகை மூடப்பட்ட பிறகு அங்கே வந்து சேர்ந்தவள். சொல்லிக்கொடுப்பவளைவிடக் கற்றுக்கொள்பவளுக்கு வயது அதிகம். அதனால் ஒருத்தி 'மேடம்' என்பாள், மற்றவள் 'அக்கா' என்பாள்.

தாமரைச்செல்வியைப் பற்றி அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. நிறுவனம் தொடங்கிய புதிதில் ஒரு வியாபாரி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். காபி குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார் எப்பம்மா வருவார்?"

"வந்தாச்சு. சொல்லுங்க" என்றாளாம் அவள்.

அவள்தான் இப்போது எஸ்தரை விளம்பரம் எழுதி வரையும் குழுவுக்குத் தலைவி ஆக்கியிருந்தாள்.

எஸ்தர் எழுதியதைக் காட்டினாள்.

மாவட்டந்தோறும் கிளை வைத்து, பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வேலை இருந்ததே அந்த ஒரு வாடிக்கையாளரால்தான்.

படத்தில் காலியாக ஒரு வகுப்பறை. கீழே ஒரே வரி.

'பிள்ளை தோற்றால், தோற்பது பிள்ளை அல்ல.'

தாமரைச்செல்வி படித்தாள். மறுபடி படித்தாள்.

"நல்ல வரி. தோக்குறது பெத்தவங்கன்னு சொல்லாமலே சொல்லுது."

"மகுடபதி சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஊர் முழுக்க பேனர் வைக்கணும்ங்கிறார்."

மகுடபதி அந்தப் பயிற்சி நிறுவனத்தின் முதலாளி.

"லட்சம் பேர் படிப்பாங்க" என்றாள் தாமரைச்செல்வி.

"ஆமா மேடம்."

"முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"யார்கிட்ட?"

"அங்க பிள்ளையைச் சேர்த்த யார்கிட்டயாவது. பக்கத்துல உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து."

எஸ்தர் சிரித்தாள்.

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை.

*

வடபழனிக் கிளையில் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு பழச்சாறு கடை. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு ஹெல்மெட்.

எஸ்தர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பையனா, பொண்ணா?"

"பையங்க. போன தடவை விட்டுட்டான். மறுபடி எழுதுறான்."

"தினமும் வந்து காத்திருப்பீங்களா?"

"தாம்பரத்துலேருந்து வர்றோம். பஸ்ல போனா அலுத்துப் போயிடுறான். வீட்டுக்குப் போயிப் படிக்க முடியல. அதான் வண்டி கத்துக்கிட்டேன்."

எஸ்தர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளை தோத்தா, தோக்குறது பிள்ளை இல்லைங்க."

அந்தப் பெண் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேலையை விட்டுட்டேன்" என்றாள். "டிவியை எடுத்து எங்க அண்ணன் வீட்ல குடுத்துட்டோம். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூடப் போறதில்ல. இன்னும் என்ன பண்ணணும்?"



அந்தப் பெண் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. பண்றேன்."

"ஒண்ணும் வேணாம்மா. நீங்க பண்றதே போதும்."

அவள் நம்பவில்லை. வகுப்பு விட்டதும் எழுந்து போனாள். வண்டியைக் கிளப்பும்வரை எஸ்தரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

*

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"வேலை செய்யுதா?"

"செய்யுது மேடம்." எஸ்தர் உட்காரவில்லை. "நான் நினைச்சதைவிட நல்லாவே செய்யுது."

"அப்புறம்?"

"அந்த வரி வேணாம்."

"மகுடபதிகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

தாமரைச்செல்வி காத்திருந்தாள்.

"நானே சொல்றேன்" என்றாள் எஸ்தர்.

*

மகுடபதி வந்தார். மேசைக்கு ஒரு பக்கம் அவர். மறுபக்கம் எஸ்தர், தாமரைச்செல்வி, படம் வரையும் தணிகைவேல். அந்தக் குழுவில் எஸ்தருக்கு அடுத்த இடம் தணிகைவேலுக்கு.

"சார், அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றாள் எஸ்தர்.

மகுடபதி சிரித்தார். "ஏம்மா? அதைவிட நல்லதா ஒண்ணு தோணிடுச்சா?"

"இல்ல சார். அது அளவுக்கு மீறி நல்லாயிருக்கு. பெத்தவங்க தாங்கமாட்டாங்க."

"பயந்தாத்தானே கொண்டுவந்து சேர்ப்பாங்க? அந்தப் பயம் நான் உண்டாக்கினதா? ஏற்கெனவே இருக்கிறதுதானே?"

"இருக்கு சார். நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அதை வச்சு இனிமே எழுதமாட்டேன்."

புதிதாக எழுதியதை அவர் முன்னால் வைத்தாள். ஒரு மாணவி கை தூக்கி நிற்கும் படம். 'புரியலைன்னா மறுபடி கேளு.'

அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. தணிகைவேல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?"

தணிகைவேல் மேசையைப் பார்த்தான்.

அவர் தாமரைச்செல்வியிடம் திரும்பினார். "நீங்க முதலாளி. நீங்க சொல்லுங்க."

தாமரைச்செல்வி தன் சுழல் நாற்காலியை மெல்ல எஸ்தர் பக்கம் திருப்பினாள். அவள் பேசுவதைக் கேட்க வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

எஸ்தர் மகுடபதியைப் பார்த்தாள்.

"அந்த வரிதான் வேணும்னா, நீங்க வேற இடத்துலதான் பண்ணிக்கணும் சார்."

"பண்ணிக்கிறேன்" என்றார் மகுடபதி.

எழுந்தார். போய்விட்டார்.

கதவு மூடியதும் தணிகைவேல் எஸ்தரைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"உங்க மனசாட்சிக்கு ஒண்ணும் ஆகல மேடம். எங்க வேலை என்னாகும்?"

*

"குழுவைக் கூப்பிட்டுச் சொல்லணும்" என்றாள் எஸ்தர். "நீங்களும் வாங்க மேடம்."

"நான் வந்தா அது என் முடிவாயிடும்."

"உங்க முடிவு இல்லையா?"

"உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?"

எஸ்தர் தனியாகப் போனாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்த வரியை எழுதினது நான். வேணாம்னு சொன்னதும் நான். யாரையாவது வீட்டுக்கு அனுப்பணும்னு வந்தா முதல்ல நான் போவேன். அப்படி வராம இருக்க, நாளையிலேருந்து நான் புது வாடிக்கையாளரைத் தேடி வெளியூர் போறேன்."

யாரும் கை தட்டவில்லை. சிலர் அந்த மாதமே வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். தணிகைவேல் போகவில்லை. பேசவும் இல்லை.

அதுவரை எஸ்தர் ஒரு வாடிக்கையாளரையும் தேடிப் போனதில்லை. இப்போது ஈரோடு போனாள். திண்டுக்கல் போனாள். கடை வாசலிலும் மில் வாசலிலும் காத்திருந்தாள்.

"உங்க கம்பெனியில ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்காங்க. ஆபீஸ்ல வேலையா இருக்காங்க. பேச வந்தது நான்."

சிலர் டீ கொடுத்து அனுப்பினார்கள். சிலர் அதுவும் கொடுக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கம்பெனிக்காரர், "எங்க பூட்டை உடைக்கவே முடியாதுன்னு மட்டும் போட்டுராதீங்க, உடைச்சுக் காட்டுறவன் வந்துருவான்" என்றார். எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் விளம்பர வேலையைக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய அன்று அண்ணா சாலையில் பேருந்து சிக்னலில் நின்றது. எஸ்தர் தலையைத் தூக்கினாள்.

'பிள்ளை தோற்றால், தோற்பது பிள்ளை அல்ல.'

பெரிய பேனர். வேறொரு நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

நேராகத் தாமரைச்செல்வியின் அறைக்குப் போனாள்.

"அது என் வரி மேடம். நான் வேணாம்னு சொன்ன வரி. ஊர் முழுக்க நிக்குது."

"பார்த்தேன்."

"அப்ப நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? வாடிக்கையாளரும் போயாச்சு, நல்ல ஆளுங்களும் போயாச்சு. வரி மட்டும் போகல."

தாமரைச்செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்குக் கரூருக்கு எத்தனை மணிக்கு ரயில்?"

எஸ்தர் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில" என்றாள்.

*

கரூரில் ஒரு மெத்தைக் கம்பெனி கிடைத்தது. பூட்டுக் கம்பெனியைவிடப் பெரியது. அது வந்த பிறகுதான் அலுவலகத்தில் மூச்சு விட முடிந்தது.

விளம்பரத்தை இறுதி செய்ய எஸ்தரால் போக முடியவில்லை. தணிகைவேலை அனுப்பினாள்.

அவன் மறுநாள் மதியம் வந்து நின்றான். தோளில் பை அப்படியே இருந்தது.

"மெத்தைக்காரர் போயிட்டார் மேடம்."

"போயிட்டாரா? எங்க?"

"நம்மளை விட்டுத்தான். இதுல படுத்தா முதுகுவலி அடியோட போயிடும்னு போடச் சொன்னார். போகுமான்னு கேட்டேன். அதெல்லாம் யார் பார்த்தான்னார். முடியாதுன்னுட்டேன்."

"முடியாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்கல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே தணிகை!"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன். பண்ணியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

எஸ்தர் விறுவிறுவென்று தாமரைச்செல்வியின் அறைக்குப் போனாள்.

"இருந்ததுல பெரிய கம்பெனி மேடம். என்னை ஒரு வார்த்தை கேட்காம வேணாம்னு சொல்லிட்டு வந்து நிக்கிறார் தணிகைவேல். இப்ப நாம என்ன பண்ணுவோம்?"

தாமரைச்செல்வி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"கோவமா அக்கா?"

எஸ்தர் யோசித்தாள்.

"கோவம் இல்ல. பயமா இருக்கு."

"அன்னைக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

எஸ்தர் அவளைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த முகத்தில் அப்படி ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே வந்தாள். தணிகைவேல் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.