இரண்டாவது சத்தம்

எபனேசர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டாம் வயதில் அவருக்கு, ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ஹை வோல்டேஜ் ரெக்டிபயர் கட்டும் ஆசை வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் நஸீமாவிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் கட்டி முடித்ததைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்துப் பையை உருவினார். மனைவி எஸ்தரும் கூட வந்திருந்தாள். படியேறிய களைப்பில் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாலாயிரம் வோல்ட் டீச்சர். அட்டகாசமா வேலை செய்யுது."

நஸீமா குனிந்து பார்த்தாள். கை வைக்கவில்லை.

"கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடச் சொன்னேனே, எங்கே?"

"கழட்டிட்டேன். சும்மா சூடாகுது. அது எதுக்கு டீச்சர்?"

"கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்டை வடிக்கத்தான். பிளக்கை எப்போ பிடுங்கினீங்க?"

"எட்டு மணிக்கு. இப்போ பத்தரை. இனி அதுல என்ன இருக்கப்போகுது?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

"கையை எடுங்க!"

அவள் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் திகைத்து நின்றார்.

நஸீமா சுவரில் சாய்த்திருந்த நீளக் கம்பை எடுத்தாள். அதன் நுனியில் கவைபோல வளைத்த செம்புக் கம்பி இருந்தது. அதைக் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் ஒருசேர வைத்தாள்.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நீல வெளிச்சம். எஸ்தர் துள்ளி எழுந்துவிட்டாள். செம்பின் நுனி உருகிக் கறுத்திருந்தது.

"பஸ்ஸுல இதை யார் வச்சிருந்தாங்க சார்?"

எபனேசர் மனைவி பக்கம் திரும்பினார்.

எஸ்தர்தான் சொன்னாள். "எனக்குத்தான் சீட் கிடைச்சுது. மடியில வச்சிருந்தேன். பைக்குள்ள கைவிட்டு ரெண்டு தடவை நேராக்கி வச்சேன்."

அவர் மனைவியின் விரல்களைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் அருகில் வந்து தோளைத் தொட்டபோது அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

தலையை நிமிர்த்திக் கேட்டார். "இப்போ தீர்ந்துபோச்சுல்ல டீச்சர்?"

"பத்து நிமிஷம் இருப்போம்."

இருந்தார்கள். நஸீமா மறுபடி கம்பை வைத்தாள்.

டிக்.

சின்னப் பொறிதான். எபனேசர் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"காலி பண்ணினீங்களே! இது எங்கேயிருந்து வந்தது?"

"உள்ளே ஊறினது சார். கொஞ்சம் கொஞ்சமா மேல வரும்."

"அப்போ எத்தனை தடவை தட்டினா நம்பலாம்?"

நஸீமா கம்பைக் கீழே போடாமல் மூன்றாவது முறையும் முனைகளில் வைத்தாள். சத்தம் இல்லை. ஒரு துண்டு ஒயரால் இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கினாள்.

"பதினோரு வருஷமாத் தட்டுறேன் சார். இன்னும் நம்பல."