சூரனைத் தேடி வந்த வேல்

உப்பளங்களுக்கு நடுவே இருக்கிறது மாணிக்கவிளை. அவ்வூர் முருகன் கோயில் சஷ்டி நாடகத்தில் இருபத்தாறு வருடம் சூரன் வேடம் கட்டியவர் என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து. உயரமான ஆள், கனத்த குரல். அதனால் நாடகக் குழுவில் அவருக்கு எப்போதும் அசுர வேடம்தான். பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் நாடகம். மற்ற மாதங்களில் உப்பு மூட்டை சுமப்பார்.

தினமும் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். கொடிமரத்தைத் தாண்டமாட்டார். சாமியை ஏசிப் பிழைக்கிறவர் என்று ஊரார் முகம் சுளித்ததால் தாமே போட்டுக்கொண்ட எல்லை அது. குருக்கள் எட்ட நின்று திருநீற்றை அவர் கையில் போடுவார். பூசிக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விடுவார்.

சஷ்டி ஆறு நாளும் இளநீர்தான் ஆகாரம். ஆறாம் நாள் அரிதாரம் பூசியதும் முருகன் பெயரைச் சொல்லமாட்டார். சூரன் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வேடத்தின் ஒழுங்கு. "பாலகா, ஓடிப் போ!" என்று அவர் முழங்கும்போது கூட்டத்திலிருந்து செருப்பு வந்து விழும். முடிவில், கருவறையிலிருந்து எடுத்து வந்த வேலால் குருக்கள் அவர் மார்பைத் தொடுவார். சூரனைத் தொடாமல் வேல் கோயிலுக்குள் திரும்பக் கூடாது. அது ஊர் வழக்கம்.

எங்கள் ஒரே மகன் கந்தவேல் ஒன்பது வயதில், ஓர் ஆடி மாதத்தில், மூளைக் காய்ச்சலில் போனான். குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள்.

"ஏட்டி, சாமிய ஏசுத வாய் இல்லியா அது. சாமி சும்மா விடுமா?"

நாடக வாத்தியார் சங்கரநயினார் வீட்டுக்கே வந்தார்.

"வெயிலு, இந்த வருசம் நாரதர் கட்டும்வே. ஊரு வாய் அடங்கட்டும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"பிள்ளையப் பறிகொடுத்தும் புத்தி வரலியாவே?"

"எல்லாரும் சாமிய எட்ட நின்னு கும்பிடுதாவ. என்னைய மட்டுந்தான் அவரு வந்து தொடுதாரு. அத எப்படி அண்ணாச்சி விடுவேன்?"

சூரபத்மனும் போரில் மகனை இழந்தவன். அந்த ஐப்பசியில் அவன் புலம்பும் காட்சியைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். இவர் நிஜமாகவே முருகனைச் சபிப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் பாடத்தில் இருந்ததை மட்டும் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை. வீட்டுக்கு வந்து அரிதாரத்தைக் கழுவிவிட்டு, மகனின் சட்டை தொங்கிய ஆணிக்குக் கீழே படுத்துக்கொண்டார்.

அதற்குப் பின்னும் பதினொரு வருடம் சூரன் கட்டினார். பிறகு நுரையீரல் கெட்டது. குரல் போயிற்று. பாயில் விழுந்தார்.

அந்த வருடம் வேறு சூரனைத் தேடினார்கள். ஒருவரும் முன்வரவில்லை. "அவன் பிள்ளைக்கு ஆனது நம்ம பிள்ளைக்கும் ஆகவா?" என்று, குழாயடியில் பேசியவர்களின் வீட்டு ஆண்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் சாயங்காலம் வேல் கோயிலை விட்டு இறங்கிவிட்டது. திடலில் எதிரே நிற்க ஆளில்லை. குருக்கள் வேலைத் தாங்கியபடி வெகுநேரம் நின்றாராம். பிறகு மேளத்தை எங்கள் தெருவுக்குத் திருப்பச் சொன்னார்.

வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டதும் பாயில் கிடந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். என் தோளைப் பிடித்தும் கால் நிற்கவில்லை.

"எதிர்ல நிக்க முடியலையே, சாமி." காற்றுதான் வந்தது.

"நீர் நின்னது போதும் வெயிலுமுத்து," என்றார் குருக்கள். குனிந்து, தம் விரலாலேயே அவர் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு வேல் அவர் மார்பைத் தொட்டது.

அன்று முகத்தில் அரிதாரம் இல்லை; அந்தப் பெயரைச் சொல்லத் தடையும் இல்லை. வேலின் மேல் கை வைத்து, "முருகா" என்றார். அதுவே அவருடைய கடைசிச் சொல்.

கொடிமரம் தாண்டாதவருடைய பாய் வரைக்கும் முருகன் வந்தார். எதிரே நின்றே தொண்டு செய்த அந்த மனிதரின் பாதத்தை நினைத்துக்கொள்கிறேன்.