படத்துக்குக் கீழே இரண்டு வரி

"மூணு மாசம் ஆச்சு மேடம். என் படம் ஒண்ணுகூட முதல் பக்கத்துல வரல. எப்பதான் எனக்குச் சொல்லித் தருவீங்க?"

கேட்டவர் கலியமூர்த்தி. வயது நாற்பத்துநாலு. மன்னார்குடியில் பதினெட்டு வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். ஒருநாள் ஸ்டுடியோ ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் ஒருத்தருக்கும் சம்மதமில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் நிலோஃபர். அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் தலைமைப் புகைப்படக்காரர். கலியமூர்த்தியைவிடப் பத்து வயது இளையவர்.

"முதல் நாளே சொல்லிட்டேனே அண்ணே."

சொன்னதென்னவோ உண்மைதான். படத்துக்குக் கீழே இரண்டு வரி வர வேண்டும். அங்கே நடந்ததை அப்படியே எழுத வேண்டும். எழுத முடியாத படத்தை எடுக்கக் கூடாது. பாடம் அவ்வளவுதான். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று அன்றைக்கே அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இன்றோடு பயிற்சிக் காலம் முடிகிறது. தேறுவாரா மாட்டாரா என்று நிலோஃபர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு படமாவது வராவிட்டால் மறுபடி ஷட்டரைத் திறக்க வேண்டியதுதான் என்று கலியமூர்த்தி தானாகவே முடிவுகட்டியிருந்தார். உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

கணினியில் படம் விரிந்தது.

மழையில் பயிர் சாய்ந்த வயல். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண். இரண்டு கையிலும் அள்ளிய நெற்கதிர், சொட்டச் சொட்ட. முகம் வானத்தைப் பார்க்கிறது. மேகத்துக்கு நடுவிலிருந்து வந்த வெளிச்சம் சரியாகக் கன்னத்தில் விழுகிறது.

நிலோஃபர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு."

மூன்று மாதத்தில் முதல் தடவை. கலியமூர்த்திக்குக் காது குளிர்ந்தது.

"ஆறு மணிக்குப் பக்கம் முடியுது. இடம் இருக்கு. ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

கலியமூர்த்தி நின்றபடியே தட்டினார். 'மன்னார்குடி அருகே மழையில் சாய்ந்த நெற்கதிரைக் கையில் ஏந்தி வானத்தைப் பார்க்கும் விவசாயி சரோசா.'

"வானத்தை எதுக்குப் பாத்தாங்க?"

"முகத்தைக் கொஞ்சம் மேல தூக்குங்கக்கான்னேன். வெளிச்சம் அப்படி."

"கதிரை?"

"அள்ளிக் காட்டுங்கன்னேன். எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தானே வருது?"

நிலோஃபர் படத்தின் இடது மூலையில் விரலை வைத்தார். தண்ணீரிலிருந்து ஒரு மரக்கட்டை நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன அண்ணே?"

"மண்வெட்டிப் பிடி. கையில வச்சிருந்தாங்க, ஓரமா வைக்கச் சொன்னேன். அந்த மூலையை வெட்டிடலாம் மேடம், ஒரு நிமிஷ வேலை."

"மண்வெட்டி எதுக்கு?"

"வரப்பை வெட்டி விடத்தான். தண்ணி சீக்கிரம் வடிஞ்சா பாதிப் பயிராவது மிஞ்சும்ல."

சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை.

"எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"இருபது நிமிஷம் இருக்கும். மேகம் விலகட்டும்னு பாத்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'போதுமா தம்பி, தண்ணி ஏறுது'ன்னாங்க."

"நீங்க?"

கடிகாரத்துக்குப் போன கண் பாதியில் நின்றது. பதினெட்டு வருடம் மணமேடைக்கு முன்னால் நின்று சொன்ன வார்த்தை. யோசிக்காமலே வாயில் வரும்.

"'ஒன் மோர்'னேன்."

பக்கத்து அறையில் அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.

நிலோஃபர் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதையும் எழுதுங்க."

கலியமூர்த்தி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். எத்தனை விதமாக எழுதினாலும் அந்தப் பெண் தண்ணீரில் நின்றுகொண்டேதான் இருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு எழுந்தார்.

"முதல் பக்கத்துக்கு வேற படம் போட்டுக்கங்க மேடம்."

பையைத் தோளில் மாட்டினார்.

"ஸ்டுடியோவுக்கா?"

"இல்ல. சரோசாக்கா வயலுக்கு."

"போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும் அண்ணே. படம் வராது."

"படத்துக்கு இல்ல."

கலியமூர்த்தி வாசல் வரைக்கும் போய்விட்டார். பின்னாலிருந்து நிலோஃபரின் குரல் வந்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிங்க கூட்டம். உங்களுக்குத்தான் டூட்டி. லேட் பண்ணிடாதீங்க."