ஆமோஸ் தொடாத முகம்

கார்ன்வால் கடற்கரையில் வினிஃப்ரெட் என்று ஒரு பெண் ஓவியர் இருந்தார். வண்ணப்படம் தீட்டுவார். மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சும் எடுப்பார். முப்பது வருஷமாக இரண்டையும் விடவில்லை. இப்போது இரண்டு கண்ணிலும் புரை.

சீடர் ஆமோஸ் குருவைவிட ஆறு வயது மூத்தவர். கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைத்த ஆள்.

அன்று காலை ஆமோஸின் முன்னால் ஒரு கட்டை இருந்தது. அலை, பாறை, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் கண் போவதற்குள் வினிஃப்ரெட் செதுக்கிவிட்டார். விளக்கைக் காத்த ஜோசையாவின் முகம்தான் பாக்கி. கட்டைவிரல் நகம் அளவு. புயலில் போன மனிதருக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. வினிஃப்ரெட் நினைவிலிருந்து கட்டைமேல் மையால் வரைந்த முகம் ஒன்றுதான் மிச்சம்.

பகல் ஒரு மணிக்கு ஜோசையாவின் மனைவி வருகிறாள். அச்சை வாங்கிக்கொண்டு அப்படியே கப்பலேறிவிடுவாள், கனடாவில் இருக்கும் மகளிடம்.

மணி பதினொன்று. ஆமோஸ் ஐந்தாவது தடவையாக உளியைத் தீட்டினார்.

"உளி தேய்ந்தே போகும் போலிருக்கிறதே" என்றார் வினிஃப்ரெட்.

"கை நடுங்குகிறது அம்மா. நின்றதும் வெட்டுகிறேன்."

"சரி."

"வழுக்கினால் அந்த ஆளை இரண்டாவது தடவை சாகடித்தவன் ஆவேன்."

"ஆவீர்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆமோஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன! நீங்கள் வழுக்கியதே இல்லை."

"முதல் கட்டையில் ஒரு டீக்கடைப் பெயரை நேராக வெட்டினேன். அச்சில் அத்தனை எழுத்தும் இடம் வலமாகத் திரும்பி வந்தது. கடைக்காரன் கத்தினான், தெருவே சிரித்தது."

"அப்புறம்?"

"அடுத்த வேலைக்கு அவனிடமே போய் நின்றேன்."

"வண்ணப்படங்கள்?"

"கண்காட்சியில் ஏழு வருஷம் திருப்பி அனுப்பினார்கள். எட்டாவது வருஷமும் கொண்டுபோனேன்."

"பயமாக இல்லையா?"

வினிஃப்ரெட் மேஜையைத் தடவி ஒரு மெல்லிய தாளை எடுத்துக் கட்டைமேல் விரித்தார்.

"கல்லறை எழுத்தைத் தாளில் எடுக்க ஒரு கறுப்பு மெழுகு வைத்திருப்பீரே, கொடும்."

ஆமோஸ் கொடுத்தார். வினிஃப்ரெட் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெழுகால் தேய்த்தார். வெட்டின இடம் வெள்ளையாக நின்றது, வெட்டாத இடம் கறுத்தது. அலை வந்தது. பாறை வந்தது. விளக்கு வெளிச்சம் கோடுகோடாக வந்தது. ஆமோஸ் குனிந்து பார்த்தார்.

விளக்கின் கீழே நகம் அளவுக்கு ஒரு கறுப்பு. மூக்கில்லை, கண்ணில்லை.

வினிஃப்ரெட் தாளை உரித்து அவர் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கண் தெரியாது, நீர் பார்த்துச் சொல்லும். முகத்தில் எங்கேயாவது வழுக்கியிருக்கிறதா?"

"இல்லை."

"ஒரு கீறல்கூட?"

"இல்லை அம்மா."

"சுத்தமான வேலை. ஒரு மணிக்கு அவள் வந்தால் இதையே கொடுத்துவிடும்."

ஆமோஸ் உளியை எடுத்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.