ஊற்றடியில் கிடந்த எருமை

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது, குழந்தைகளே! சிரிக்காதீர்கள். பாவம், அந்தக் காட்டுக்கே இருந்தது ஒரே ஒரு கரடி வைத்தியர்தான்.

விடிந்ததும் வேரை இடிப்பார். குளத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார். குடித்துவிட்டுப் போன மான் மறுநாளே திரும்பி வரும். பின்னாலேயே முயலும் வரும். இடித்து இடித்து வைத்தியருக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

நோய் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குளத்துக்கு நீர் வரும் ஊற்றடியில், சிங்கராஜா அடித்துப் போட்ட எருமை அழுகிக் கிடந்தது. ராஜா அடித்ததை அவர் உத்தரவில்லாமல் யாரும் தொடக்கூடாது. அது அந்தக் காட்டு வழக்கம். ராஜாவோ அதை மறந்தே போய்விட்டார். அவர் குடிப்பது மலையருவித் தண்ணீர். அங்கே மற்றவர்கள் வாய் வைக்க முடியாது.

"ராஜாவிடம் சொல்லிவிடலாமா?" என்று நரி மந்திரியைக் கேட்டார் வைத்தியர்.

"ராஜாவின் வேட்டை நாறுகிறது என்றா? வாயைக் கொடுத்து வம்பை ஏன் வாங்குகிறீர்? போய் மருந்தைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கும்!"

வைத்தியர் திரும்பி வந்து வேரை இடித்தார்.

பத்தாம் நாள் அவருடைய குட்டி சின்னியும் படுத்துவிட்டாள். "மருந்து நாறுதுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைத்தியர் இடிப்பதை நிறுத்தினார். மருந்துக் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு நேரே சபைக்கு நடந்தார்.

"ராஜா, இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்."

"சீச்சீ! என்ன கண்றாவி இது?"

"உங்கள் குடிமக்கள் தினமும் குடிக்கும் தண்ணீர். நீங்கள் அடித்த எருமை இன்னும் ஊற்றடியிலேயே கிடக்கிறது."

நரி கண்களை இறுக மூடிக்கொண்டது. சிங்கம் பிடரியைச் சொறிந்தது.

"அட, அதுவா! மறந்தே போய்விட்டேன். முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இழுத்துப் போடுங்கள்!"

அவ்வளவுதான். அன்றே எல்லோரும் சேர்ந்து எருமையை இழுத்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் குளம் தெளிந்தது, காடும் தேறியது. சின்னி மட்டும் தேறவில்லை. மூன்றாம் நாளே போய்விட்டாள்.

துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். "எங்களுக்கு முதல் நாளே நாற்றம் தெரிந்தது, வைத்தியரே. சொல்லத்தான் பயம்" என்று மான் அழுதது.

"எனக்கும்தான்" என்றார் வைத்தியர்.

நீதி: நோயின் காரணம் தெரிந்தும் வாய் திறக்கப் பயந்தால், கொடுக்கிற மருந்தும் விஷமாகும்.