இரண்டு நிமிட மௌனம்

தேசிய எறும்பியல் கழகத்தில் செங்கமலம் சாதாரண எழுத்தர். உறுப்பினர் யாராவது இறந்தால் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம் அனுப்புவது அவள் வேலை. அதனால்தான் தலைவர் தேர்தலுக்கு வந்த தபால் வாக்குகளைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொன்று, அந்த வருஷம் இறந்துபோனவர்கள் பெயரில் வந்திருந்தன. பதினொன்றும் இப்போதைய தலைவர் வரதராஜுலுவுக்கே.

“அதையும் சேர்த்து எண்ணி, நான் ஜெயித்ததாகப் பொதுக்குழுவில் அறிவி. இல்லையென்றால் உனக்கு வேலை இல்லை” என்றார் அவர்.

“சரிங்க ஐயா. வழக்கம்போல இரங்கல் தீர்மானத்தை முதல்ல வாசிச்சிடறேன்.”

பொதுக்குழு கூடியது. பதினொரு பெயர்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வரதராஜுலுவின் முகம் கறுத்தது. ஆனால் அவையே எழுந்து நிற்கும்போது தலைவர் மட்டும் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் தலைகுனிந்து நின்றார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடம் முடிந்தது என்றார்.

எல்லோரும் உட்கார்ந்ததும் செங்கமலம் தபால் உறைகளை எடுத்து, வாக்களித்தவர் பெயர்களை வாசித்தாள். அதே பதினொரு பெயர்கள், அதே வரிசையில்.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, எதைத் திரும்ப வாங்கிக்கறீங்க? இந்த வாக்குகளையா, இப்ப அவங்களுக்காக நின்ன மௌனத்தையா?”

வரதராஜுலு வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்துக்கு யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.